அம்மப்பாவின் டயறியும் தொலைந்த தொப்பியும்

மார்கழி மழை பிடித்தால் எங்கள் வீட்டு அலுமாரியில் ஒரு டயறி வீங்கத் தொடங்கும். உள்ளங்கையளவு டயறி. பங்குனி வெயிலில் விறைத்துக் கிடப்பது, மழைக்கு நமுத்த பப்படம் மாதிரித் தொய்ந்துவிடும். காரணம் உப்பு. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமியில், திருகோணமலை உப்புவெளியில் கடல் வீட்டுக்குள் வந்தபோது அம்மப்பாவின் றங்குப் பெட்டி முழங்காலளவு தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்துவிட்டது. தாளுக்குள் போன உப்பு வடியவில்லை. ஒவ்வொரு மாரிக்கும் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

அம்மப்பா சிலோன் கரிசன் ஆட்டிலறியில் கன்னராக, அதாவது பீரங்கி வீரராக, இருந்தவர். கொழும்பு, திருகோணமலைத் துறைமுகங்களைக் காக்கக் கரையோரம் பூட்டியிருந்த பீரங்கிகளில் நின்ற உள்ளூர்ப் படை அது. நான் ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போது அவர் போய்விட்டார். சுருட்டு வாசமும் இருமலும் தவிர எனக்கு அவரைப் பற்றி அதிகம் நினைவில்லை. சுனாமிக்குப் பிறகு அந்தப் பெட்டியை வெளியே எடுத்துத் திறந்த அன்றுதான் இந்தச் சேகரிப்புப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. இத்தனை வருடத்தில் செய்த பிழைகளைத்தான் இங்கே கூடுதலாக எழுதப் போகிறேன். சரியாகச் செய்தவை குறைவு.

பெட்டிக்குள் இருந்தவை: ஒரு டயறி, இரண்டு பதக்கங்கள், ஏழு பித்தளைப் பொத்தான்கள், ஒரு எனாமல் கோப்பை, ஒரு குழுப்படம். உடுப்பு இல்லை. ஏன் இல்லை என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "காக்கிச் சட்டையை வீட்டில வைச்சிருக்கிற காலமா அது?" என்றார். எண்பதுகளில் ஆமியின் சுற்றிவளைப்புத் தொடங்கியதும் அம்மம்மா ஒரு இரவு அடுப்படியில் உட்கார்ந்து சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துவிட்டு, துணியை அடுப்பில் வைத்தாராம். சோதனைக்கு வருகிறவனிடம் இது ஜோர்ஜ் மன்னர் காலத்துச் சட்டை என்று விளங்கப்படுத்திக்கொண்டா நிற்கமுடியும்? பொத்தான்கள் ஊசி நூல் பேணிக்குள் போயின. டயறி அரிசி வாளிக்குள் போனது. திருகோணமலையில் இப்படிப்பட்ட பொருளைத் தேடிப் போகிறவர்களுக்கு என் முதல் யோசனை: "ஏதாவது ஆமிச் சாமான் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை வேறு ஆட்கள் வேறு மாதிரிக் கேட்டுக் கேட்டுப் பயந்த வீடுகள் இவை. "உங்கட அப்பு டொக்யார்டில வேலை செய்தவரோ?" என்று தொடங்குங்கள். தேத்தண்ணி வரும். பிறகு தையல் பேணியும் வரும்.

சரி, டயறிக்கு வருவோம்.

நனைந்த டயறியை அம்மா நல்லெண்ணத்தோடு முற்றத்து வெயிலில் காயவைத்தார். தாள்கள் அலை அலையாக நெளிந்தன, நடுவில் பத்துப் பன்னிரண்டு பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நனைந்த தாளை நிழலில், காற்றாடிக்குக் கீழே, இடையிடையே உறிஞ்சும் வெள்ளைத்தாள் வைத்து, அதை மாற்றி மாற்றிக் காயவைக்கவேண்டும். கடல் தண்ணீரில் நனைந்ததை நல்ல தண்ணீரில் அலசினால் உப்புப் போகும் என்பதும் உண்மைதான். ஆனால் எங்கள் டயறியில் அதைச் செய்திருந்தால் எல்லாம் போயிருக்கும். ஏனென்றால் அம்மப்பா எழுதியது கொப்பிங் பென்சிலில். உலர்ந்திருக்கும்போது சாதாரணக் கரிப் பென்சில் மாதிரிச் சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாகக் கசியும். அந்தக் காலத்தில் அலுவலகத்திலும் படையிலும் பரவலாக இருந்த பென்சில் அது. எங்கள் டயறியில் ஒவ்வொரு பக்கத்தின் கீழ்ப்பாதியும் நாவற்பழம் தின்ற வாய் மாதிரி இருப்பது அதனால்தான். பழைய எழுத்தைக் கையில் எடுத்தால் முதலில் அது மையா, கரிப் பென்சிலா, கொப்பிங் பென்சிலா என்று பாருங்கள். கரிப் பென்சில் தண்ணீருக்கு அசையாது. மற்ற இரண்டையும் நம்பமுடியாது. எச்சில் விரலால் பக்கம் புரட்டுகிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ஊதாவாகக் கரைந்த இடத்தை எப்படி வாசித்தேன் என்றால், இரவில் மின்விளக்கை அணைத்துவிட்டு, போன் ரோர்ச்சை தாளின் விளிம்போடு படுக்கவைத்து அடித்தேன். நிறம் கரைந்துபோனாலும் பென்சில் அழுத்திய பள்ளம் தாளில் இருக்கும். சாய்வான வெளிச்சத்தில் அந்தப் பள்ளத்தில் நிழல் விழும். அப்படித்தான் "கடன்" என்ற சொல் முதலில் தெரிந்தது. அம்மப்பா யாருக்கோ கோபத்தோடு அழுத்தி எழுதியிருக்கிறார்.

ஒட்டிப்போன பக்கங்களைக் கத்தி வைத்துப் பிரிக்கவில்லை. பிரிக்கத் தெரிந்த ஒருவர் கையில் கொடுக்கும்வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். துருப்பிடித்த குண்டூசிகளை மட்டும் எடுத்தேன். துரு தாளைத் தின்னும். இராமபாணப் பூச்சிக்கு, டயறியைப் பொலித்தீன் பையில் காற்றுப்போகாமல் கட்டி, மீன் வைக்கும் ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வைத்தேன். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்கக்கூடாது. ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்கவேண்டும். இல்லாவிட்டால் வியர்த்துவிடும். ஒரே தொல்லை, அந்த இரண்டு கிழமையும் அம்மா பாரை மீனை அயல்வீட்டில் கொண்டுபோய் வைக்கவேண்டியிருந்தது.

குழுப்படத்தின் கதை சுருக்கம்: ஒரு கடையில் கொடுத்து லெமினேட் பண்ணினேன். சூடு பட்டு ஒரு மூலை கொப்புளித்தது. இனி அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்ற வழியில்லை. லெமினேட் பண்ணவேண்டாம், ஒட்டு நாடாவும் போடவேண்டாம்.

திகதியில் நான் சறுக்கியதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். டயறியின் அட்டையில் 1941 என்று அச்சடித்திருந்தது. நானும் அதை நம்பி, முதல் நாற்பது பக்கத்தையும் 1941 என்று போட்டுப் படியெடுத்தேன். ஏப்ரல் 5 வந்தது. அச்சில் சனிக்கிழமை. அம்மப்பா அதை வெட்டிவிட்டு "ஞாயிறு" என்று எழுதி, கீழே "கொழும்பில் குண்டு" என்று போட்டிருந்தார். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்டது 1942 ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 5. அப்போதுதான் விளங்கியது. முந்தின வருடத்து வெற்று டயறியை எடுத்து அடுத்த வருடம் எழுதியிருக்கிறார். யுத்த காலம், தாள் தட்டுப்பாடு, புது டயறிக்கு யார் காசு கொடுப்பது? ஆகவே, அச்சிட்ட வருடத்தை நம்பவேண்டாம். கிழமையும் திகதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஊர் அறிந்த ஒரு நாளைத் தேடிப்பிடித்து அதை ஆணியாக அடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரிசைக்கு வரும்.

அந்த ஆணி சரியாகத்தான் அடித்திருக்கிறேன் என்பதற்கு இன்னொரு சாட்சியும் அதே டயறியில் கிடைத்தது. ஏப்ரல் 8 இல் "பின்னேரம். கப்பல்கள் எல்லாம் வெளியே போகின்றன" என்று ஒரே ஒரு வரி. ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்ற எச்சரிக்கையால் அன்று மாலை திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியே அனுப்பியது வரலாறு. அப்படி வெளியேறிய ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல்தான் மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மலையில் நின்ற ஒரு கன்னருக்கு அது எதுவும் தெரியாது. கப்பல் போவதைப் பார்த்தார், எழுதினார். இந்த மாதிரி வரிக்காகத்தான் டயறி தேடுகிறோம்.

படியெடுக்கும்போது நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து, வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் படமெடுப்பேன். பிறகு படத்தைப் பார்த்துத்தான் எழுதுவேன், டயறியைத் திரும்பத் திரும்பப் புரட்டுவதில்லை. அவர் "ராசன்" என்று எழுதியிருந்தால் நானும் "ராசன்" என்றுதான் எழுதுவேன், "ரேஷன்" என்று திருத்தமாட்டேன். தெரியாத சொல்லுக்குக் கேள்விக்குறி. ஊகத்தைக் கதைக்குள் நுழைப்பதில்லை. ஒரு பிரதி இங்கே, இன்னொன்று தங்கச்சியிடம் வெளிநாட்டில். இப்படிப்பட்ட ஆவணங்களை எண்ணிமப்படுத்திக் காக்கும் நூலக நிறுவனம் போன்ற இடங்களும் நமக்கு இருக்கின்றன. வீட்டில் பூட்டிவைப்பதைவிட அது பாதுகாப்பு. நம்முடைய ஊரில் வீடு என்பது எரியவும் கடல் கொள்ளவும் கூடியது என்று நாம் படித்துவிட்டோம்.

பதக்கங்களில் செய்த பிழை என்னுடையது இல்லை, மாமாவினுடையது. வெள்ளிக்கிழமை குத்துவிளக்கை மினுக்கும்போது மிச்சப் புளியைப் போட்டு அதையும் மினுக்கியிருக்கிறார். பல வருடம். மன்னரின் மூக்கு இப்போது கன்னத்தோடு சமம். பதக்கத்தை மினுக்கவே வேண்டாம். மெல்லிய துணியால் துடைத்து, தனித்தனியாகத் துணியில் சுற்றி வையுங்கள். கறுத்துப்போனாலும் அதுதான் அதன் வயது.

விலைக்கு வாங்குகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்களில் பிரித்தானிய அரசு பெயர் வெட்டிக் கொடுக்கவில்லை. ஆஸ்திரேலியா, தென்னாபிரிக்காக்காரருக்குக் கொடுத்தவற்றில்தான் விளிம்பிலோ பின்புறத்திலோ பெயர் இருக்கும். ஆகவே பெயரில்லாத பதக்கத்தைக் காட்டி "இது இன்னாருடையது" என்று யாரும் சொல்லலாம். கூடவே கடிதமோ படமோ அந்த வீட்டு ஆளின் வாய்மொழியோ இல்லையென்றால் அது உலோகத் துண்டுதான். நாடாவைப் பாருங்கள். டிஃபென்ஸ் மெடல் நாடா நடுவில் தீயின் செம்மஞ்சள், இருபக்கமும் பச்சை, பச்சைக்கு நடுவே இருட்டடிப்பைக் குறிக்கும் மெல்லிய கறுப்புக் கோடு. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின் கீழே நாடாவோ தைத்த நூலோ பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தால் அது பிற்காலத்தது. பழைய பருத்தி அப்படி ஒளிராது. எங்கள் சந்திக் கடைக்காரர் நான் போனாலே விளக்கை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.

இன்னொரு திருகோணமலைச் சிக்கல். பொத்தானிலும் சின்னத்திலும் உள்ள அரச முடியைப் (கிரீடத்தைப்) பாருங்கள். மேல் வளைவு ஒரே வட்டமாக ஏறி இறங்கினால் மன்னர் காலம். நடுவில் சற்று உள்வாங்கியிருந்தால் அது எலிசபெத் மகாராணி காலம், 1953 க்குப் பிறகு. பிரித்தானியக் கடற்படை இங்கிருந்து போனது 1957 இல். அதனால் நமது ஊரில் இரண்டு முடியும் கிடைக்கும். "ஜப்பான் குண்டு போட்ட நேரத்துச் சாமான்" என்று விற்கப்படுவதில் எத்தனையோ, குண்டு விழுந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தவை. எனாமல் கோப்பை, கரண்டி, தகரப் பெட்டி என்றால் அடியில் மூன்று கோட்டு அம்புக்குறி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அது பிரித்தானிய அரசாங்கச் சொத்தின் முத்திரை. கிண்ணியாவில் ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த கிண்ணத்தில் அதைப் பார்த்தேன். கேட்கவில்லை. கோழி குடித்துக்கொண்டிருந்தது.

குண்டு, தோட்டா, ஷெல் பற்றி ஒரே பேச்சு. சீனக்குடாப் பக்கம் ஒரு பையன் போன் எடுத்து, "ஐயா, ஜப்பான் குண்டு ஒண்டு கிடக்கு, மண்ணைக் கிளறி எடுக்கவா?" என்றான். எடுக்காதே, தள்ளி நின்று ஆட்களைக் கிட்ட விடாதே, பொலிஸுக்கு, 119 க்கு அடி என்றேன். எண்பது வருடம் மண்ணுக்குள் கிடந்தால் வெடிமருந்து செத்துவிடும் என்பது மூடக்கதை. அதோடு, இந்த மண்ணில் கிடப்பது எந்த யுத்தத்தினது என்று மேலே பார்த்துச் சொல்லவும் முடியாது.

எனக்கு இன்றுவரை உறுத்துவது மூதூரில் வாங்கிய ஒரு தண்ணீர்க் குடுவை. மரக்குடுவை மாதிரி உருண்டை, மேலே கம்பளித் துணி தைத்தது. வீட்டுக்காரர் எண்பது தாண்டிய ஐயா. கதை சொல்லத் தொடங்கினார், அவரது தகப்பன் அதை யாரிடமிருந்து எப்படி வாங்கினார் என்று. கடைசி வள்ளத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் எழும்பினேன். அடுத்த மாதம் வந்து ஆறுதலாகக் கேட்கிறேன் என்றேன். அடுத்த மாதம் போனபோது வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. குடுவை என்னிடம் இருக்கிறது. துணியில் யாரோ சிவப்பு நூலால் ஒரு சின்ன மீன் தைத்திருக்கிறார்கள். அது யார், ஏன் மீன், இனி யாரும் சொல்லப்போவதில்லை. அதற்குப் பிறகு நான் பொருளை முதலில் தொடுவதே இல்லை. போனில் ஒலிப்பதிவைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கதை முடிந்த பிறகுதான் "காட்டுங்கோ" என்பேன். பெரும்பாலும் படம் மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை அங்கேயே விட்டு வருவேன். வாங்கினால், யாரிடம், என்று, என்ன விலைக்கு என்று ஒரு துண்டு எழுதி இருவரும் கையெழுத்திடுவோம். பேரப்பிள்ளை பிறகு வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ஒருமுறை கொடுத்துமிருக்கிறேன்.

டயறியில் வீட்டு விசயமும் வரும், அதற்கும் ஆயத்தமாக இருங்கள். அம்மப்பா மாதா மாதம் "க. வுக்கு 5/-" என்று எழுதியிருக்கிறார். அம்மம்மாவின் பெயர் "ப" வில் தொடங்குவது. அம்மா "கடையாக இருக்கும்" என்கிறார். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்தார். அந்தப் பக்கங்களைப் படியெடுத்தேன், ஆனால் யாருக்கும் அனுப்பவில்லை. அதை முடிவெடுக்க வேண்டியது நான் மட்டும் இல்லை.

கடைசியாக ஏப்ரல் 9, திருகோணமலையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து சொல்லிவந்த கதை, அம்மப்பா ஜப்பான் பிளேன் ஒன்றைச் சுட்டு விழுத்தினார் என்பது. சீனக்குடாவில் ஒரு பிளேன் எண்ணெய்க் குதத்தில் விழுந்து நாட்கணக்கில் எரிந்தது என்று ஊரில் சொல்வார்கள். உருகி நெளிந்த இரும்பு இன்னும் அங்கே கிடக்கிறது. அந்த ஒரு பிளேனை விழுத்திய தாத்தாமார் திருகோணமலையில் நான் கேள்விப்பட்டே ஐந்தாறு பேர். எங்கள் வீட்டிலும் ஒருவர். உப்புவெளி யுத்த மயானத்துக்கு என்னைக் கைபிடித்துக் கூட்டிப்போகும் போதெல்லாம் பெரியம்மா அந்தக் கதையைச் சொல்லுவார். அங்கே கல்லறைகளில் அந்தத் திகதியைத் தேடித் தேடி வாசிப்பேன்.

பீரங்கிகளைப் பற்றிக் கொஞ்சம் படித்த பிறகே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கரையோரப் பீரங்கி கடலில் வரும் கப்பலுக்காகப் பூட்டியது. ஆகாயத்தைப் பார்த்து நிமிராது. ரோர்ச்சைச் சாய்த்து அந்தப் பக்கத்தை வாசித்தேன். இவ்வளவுதான் இருந்தது: "காலை 7 மணிக்குப் பிறகு குண்டு. பங்கருக்குள் இருந்தோம். பகல் சாப்பாடு இல்லை. தொப்பி காணவில்லை." நாலு வரி. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கில் இன்னொரு வரி: "தொப்பிக்கு வெட்டு 2.25."

பெரியம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். பிறகு ஒரு பின்னேரம் போய் வாசித்தேன். தொண்ணூறு வயது. கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"தொப்பி போனது சரி," என்றார். "பிளேனைச் சுட்டதை எழுத மறந்திட்டார்."

அதையும் அவர் பெயரோடும் திகதியோடும் டயறிப் படியின் கீழேயே எழுதிவைத்தேன். எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அந்த ரெண்டே கால் ரூபாயைப் பிறகு திருப்பிக் குடுத்தவங்களோ?"

வைகாசி, ஆனி, ஆடி என்று கணக்குப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கொடுக்கவில்லை.